ஒரே பெயர், இரண்டு துறைகள்: நுரையீரல் புற்றுநோய் மருத்துவர் ஒருவரின் சைட்டேஷன் கணக்கு

மதுரை மாவட்டத்தில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையையும் சைட்டேஷன் கணக்கையும் (பிற கட்டுரைகள் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்பதை) சரிபார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. அப்படி வந்த ஒரு கோப்பின் கதை இது. சம்பந்தப்பட்ட மருத்துவரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். யார் என்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவர் நெஞ்சக நோய்த் துறையில் இணைப் பேராசிரியர். எம்.டி. முடித்த புதிதில் அவருடைய வேலையெல்லாம் காசநோய்தான். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்காஸ்கோபி கற்றுக்கொண்ட பிறகு மெல்ல நுரையீரல் புற்றுநோய் பக்கம் வந்தார். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் தொடங்கி சிவகங்கை, ராமநாதபுரம் வரை எங்கிருந்தாவது எக்ஸ்ரே படத்தோடு ஒருவர் வந்து "நிழல் தெரியுதுன்னாங்க" என்று சொன்னால், மற்ற மருத்துவர்கள் இவரிடம்தான் அனுப்புவார்கள். பயாப்ஸி எடுப்பது, திசுவை இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்று பார்க்க அனுப்புவது, கீமோவா மாத்திரையா, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமா என்று புற்றுநோய்த் துறையோடு உட்கார்ந்து பேசுவது என்று அவர் நாள் ஓடும். கட்டுரை எழுதுவதெல்லாம் இரவில்தான்.

நுரையீரல் புற்றுநோய் ஆராய்ச்சியில் சைட்டேஷன் எண்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2004-ல் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ள கட்டிகள் கெஃபிட்டினிப் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். 2009-ல் வெளியான ஐபாஸ் ஆய்வு, அந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கீமோவைவிட இந்த மாத்திரையே முதலில் தரத்தக்கது என்று காட்டியது. புகைப்பழக்கம் உள்ளவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் மூலம் ஆண்டுதோறும் பரிசோதனை செய்தால் இந்த நோயால் இறப்பது சுமார் 20 சதவீதம் குறையும் என்று 2011-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அப்புறம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இம்யூனோதெரபி வந்தது. இருபது வருடத்தில் துறையே தலைகீழாக மாறிவிட்டது. எழுதுகிறவர்களும் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் குறிப்புப் பட்டியலும் நீளம். ஒரு கணித ஆராய்ச்சியாளர் ஆயுள் முழுக்கச் சேர்க்கும் சைட்டேஷனை இங்கே ஒரே கட்டுரை வாங்கிவிடும். ஆகவே எண் பெரிது என்பதால் மட்டும் ஆள் பெரியவர் என்று ஆகிவிடாது.

எங்கள் கல்லூரி ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் என்று புதிதாக ஒரு பொறுப்பை உருவாக்கியது. மூன்று பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் இவரும் ஒருவர். மதிப்பெண் படிவத்தில் மூன்றே கட்டங்கள்: வெளியிட்ட இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் சராசரி சைட்டேஷன் எண்) கூட்டுத்தொகை, மொத்த சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ். ஹெச்-இண்டெக்ஸ் என்பது 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. ஒருவருக்கு அது 12 என்றால், குறைந்தது 12 சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகள் அவரிடம் 12 இருக்கின்றன என்று பொருள். கட்டங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியது நூலகம்.

முதலில் கண்ணில் பட்டது

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் அவர் பெயரைத் தேடியதும் 117 கட்டுரைகள், ஹெச்-இண்டெக்ஸ் 29 என்று வந்தது. மற்ற இருவரும் அதற்குக் கிட்டவே இல்லை. விஷயம் எப்படியோ அலுவலகத்துக்குப் போய், வாழ்த்து ஃபிளெக்ஸ் ஒன்றுக்கு வாசகம்கூடத் தயாராகிவிட்டது. மதுரையில் ஃபிளெக்ஸ் அடிக்க ஆகும் நேரத்தில் ஒரு சைட்டேஷனைக்கூடச் சரிபார்க்க முடியாது என்பதுதான் இதில் சிக்கல்.

பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டு போனபோது தலைப்புகள் நெருடின. நுரையீரல் கட்டி, பிராங்காஸ்கோபி, காசநோய் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் வெள்ளி நானோ துகள், துத்தநாக ஆக்சைடு, சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் வந்தன. அச்சடித்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதுல பாதிக்கு மேல எனக்குத் தலைப்பே புரியலையே. நான் எழுதினது இவ்வளவு கிடையாதுங்க" என்றார். விண்ணப்பத்தில் அவரே கைப்பட 41 என்றுதான் எழுதியிருந்தார். அந்த எண்ணை யாரும் கவனிக்கவில்லை. தரவுத்தளம் அதிகமாகக் காட்டும்போது விண்ணப்பதாரர் சொல்வதை யார் பார்க்கப் போகிறார்கள்!

கூகுள் ஸ்காலரில் வேறு கதை. அங்கே ஹெச்-இண்டெக்ஸ் 16. மாநாட்டுச் சுருக்கங்கள், பல்கலைக்கழகத் தளங்களில் ஏற்றிய ஆய்வேடுகள், ஸ்கோபஸ் சேர்க்காத இந்திய இதழ்கள் எல்லாவற்றையும் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் அங்கே எண் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இங்கேயோ குறைவாக இருந்தது. ஒரே ஆளுக்கு 29, 16 என்று இரண்டு எண்கள் கையில் இருந்தன. இரண்டையும் அப்படியே படிவத்தில் எழுத முடியாது.

பெயர் உடைந்த விதம்

தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். இதழ்களின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக நிரப்பச் சொல்லும். இவர் மாணவியாக எழுதிய முதல் கட்டுரைகளில், கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று அப்பாவின் முழுப் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருக்கிறார். ஆக, அந்தக் கட்டுரைகளின் சைட்டேஷன் எல்லாம் உலகம் முழுக்க அவருடைய அப்பா பெயரில் இருக்கிறது. அடுத்த சில கட்டுரைகளில் தன் பெயரும் அப்பாவின் இனிஷியலும். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியது. இப்போது கணவர் பெயரின் முதல் எழுத்து. பெரும்பாலான கட்டுரைகள் இந்த மூன்றாவது வடிவத்தில்தான் உள்ளன.

இப்படி ஒருவர் மூவராகப் பிரிந்தார். மூன்றாவது வடிவம் இன்னொருவரோடு போய் ஒட்டிக்கொண்டது. அதே பெயர், அதே இனிஷியல், ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டல், தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஸ்கோபஸ் இருவரைச் சேர்த்துவிடாது. முகவரி, துறை, உடன் எழுதியவர்கள் எல்லாவற்றையும் நிரல் பார்க்கும். அந்த வேதியியலாளர் முனைவர் பட்ட ஆய்வை மதுரையில் செய்தவர் என்பதால் முகவரி ஒன்றிப்போனது. துறை எப்படி ஒன்றியது என்று தேடியபோது அவருடைய சில கட்டுரைகளில் விடை கிடைத்தது. தான் தயாரித்த நானோ துகள்களை ஏ549 என்ற செல் வரிசையில் சோதித்திருக்கிறார். ஏ549 என்பது மனித நுரையீரல் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகங்களில் வளர்க்கப்படும் செல்கள். நம்மூர் நானோ ஆய்வுகளில் அது அடிக்கடி வரும். ஆக, பெயரும் ஊரும் ஒன்று, தலைப்பிலும் 'நுரையீரல் புற்றுநோய்' இருக்கிறது. இருவரையும் நிரல் ஒருவராக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

முதல் முடிவு, சுத்தம் செய்யாமல் எந்த எண்ணையும் குழுவுக்குத் தருவதில்லை என்பது. அந்த வாரம் கூட்டம் நடந்திருந்தால் 29-தான் போயிருக்கும். நல்லவேளையாகச் சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மதுரையில் எந்தக் குழுவும் கூடாது. ஒத்திவைத்ததில் நேரம் கிடைத்தது.

117 கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகவரி, உடன் எழுதியவர்கள், துறை மூன்றையும் மருத்துவரின் சொந்தப் பட்டியலோடு ஒப்பிட்டோம். அவற்றில் 34 மட்டுமே இவருடையவை. மீதி 83-ம் வேதியியலாளருடையவை. அப்பா பெயரிலும் பழைய இனிஷியலிலும் கிடந்த இரண்டு சிறு பக்கங்களிலிருந்து 7 கட்டுரைகள் சேர்ந்தன. மொத்தம் 41, அவர் கைப்பட எழுதிய அதே எண். ஹெச்-இண்டெக்ஸ் 12. சைட்டேஷன் ஏறக்குறைய 1,900.

இந்த 1,900-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதில் சுமார் 1,300 ஒரே கட்டுரையிலிருந்து வந்தவை. உலக நோய்ச்சுமை ஆய்வு என்று ஒரு பெரிய கூட்டு முயற்சி உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலை மையமாகக் கொண்டது. ஒவ்வொரு கட்டுரையிலும் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். இவரும் அப்படி ஒன்றில் பங்கேற்றவர். பங்கேற்றது உண்மை, பெயர் இருப்பதும் நியாயம். ஆனால் அந்த ஆயிரத்துச் சொச்சம் சைட்டேஷனை ஒருவருடைய தனி உழைப்பின் பலனாகக் காட்ட முடியாது. புள்ளிவிவரக் கட்டுரைகளுக்கே உரிய இயல்பும் இதில் சேர்ந்திருக்கிறது. புற்றுநோய் பற்றி எழுதுகிற எவரும் முதல் வரியில் 'உலகில் இத்தனை பேருக்கு இந்த நோய்' என்று ஒரு எண்ணைப் போடுவார்கள், அதற்கு ஒரு குறிப்பும் தருவார்கள். உலக நாடுகளின் புற்றுநோய் எண்ணிக்கையைத் திரட்டும் குளோபோகானின் 2020-ஆம் ஆண்டுக்கான புள்ளிவிவரக் கட்டுரை பல்லாயிரக்கணக்கில் சைட்டேஷன் வாங்கியது இப்படித்தான். அந்தப் பெரிய கட்டுரையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் மொத்த சைட்டேஷன் சுமார் 600-க்கு இறங்கியது. ஹெச்-இண்டெக்ஸோ 12-லிருந்து 11 ஆனது, அவ்வளவே. ஒரே ஒரு பெரிய கட்டுரையால் ஏமாறாது என்பது அந்த அளவின் நல்ல குணம். ஆனால் யார் எவ்வளவு உழைத்தார் என்று அதற்கும் தெரியாது. முதல் ஆசிரியரும் இருநூறாவது ஆசிரியரும் அதற்கு ஒன்றுதான்.

இரண்டாவது முடிவு, இம்பாக்ட் ஃபேக்டரைக் கூட்டித் தருவதில்லை என்பது. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. நம் கல்லூரிகளில் 'மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்' என்று ஒன்றைக் கூட்டிப் போடும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கான அளவு. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை சைட்டேஷன் வாங்கின என்று சொல்வது. அதைத் தோற்றுவித்தவர்களில் முக்கியமானவரான யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையை 1964-ல் கொண்டுவந்தவர். நூலகங்கள் எந்த இதழை வாங்கலாம் என்று தீர்மானிக்க இந்த எண் உதவியது. நூலகர் என்ற முறையில் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஓர் இதழின் சராசரியில் பெரும்பங்கு சில கட்டுரைகளால் வருவது, மீதிக் கட்டுரைகள் அந்தச் சராசரிக்குக் கீழேயே இருக்கும். அப்படிப்பட்ட சராசரிகளைக் கூட்டி ஓர் ஆளின் தலையில் எழுதுவது எந்தக் கணக்கிலும் சேராது. 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான, ஆராய்ச்சியை மதிப்பிடுவது பற்றிய டோரா பிரகடனம் இதைத்தான் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. இதையெல்லாம் எழுதி டீனுக்குக் குறிப்பு அனுப்பினேன். அவர் கட்டத்தை நீக்கவில்லை. ஆனால் பக்கத்தில் 'நூலகத்தின் குறிப்பைக் காண்க' என்று எழுத அனுமதித்தார்.

மூன்றாவதாக, ஆசிரியர் வரிசை. இதில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. முதுநிலை மாணவர்களின் ஆய்வேட்டிலிருந்து வந்த கட்டுரைகளில் மாணவரை முதலிலும், இதழோடு தொடர்புகொள்ளும் ஆசிரியராகவும் போட்டுவிட்டு, தன் பெயரைக் கடைசியில் வைப்பது இவர் வழக்கம். மருத்துவத்தில் கடைசி இடம் வழிகாட்டியின் இடம். உலக அளவில் அதற்கு மதிப்பு உண்டு. ஊடகங்களில் ஆண்டுதோறும் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' என்று வருகிறதே, ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் குழுவினரும் ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிக்கும் அந்தப் பட்டியல்கூட, தனி ஆசிரியர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்ற இடங்களைத் தனியாகக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அப்போதிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் 2020 பிப்ரவரியில் வெளியிட்ட திருத்தப்படி, பதவி உயர்வுக்கு முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருக்க வேண்டும் என்றிருந்தது. மூன்று பேருக்கு மேல் எழுதிய கட்டுரையில் கடைசியில் நின்ற வழிகாட்டி, மாணவரையே தொடர்பு ஆசிரியராக விட்டிருந்தால் அவருக்கு அது கணக்கில் வராமல் போனது. மாணவர்களுக்கு விட்டுக்கொடுத்ததற்கான விலை அது. "தெரிஞ்சுதான் செஞ்சேன். அந்தப் பையன்களுக்கு அது வேணும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

38 சைட்டேஷனும் ஒரு சீட்டும்

எண்களைச் சுத்தம் செய்ததில் ஒரு சங்கடம் இருந்தது. பழைய படிவப்படி பார்த்தால் இவர் முதலிடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டார். சரி, எண் சரியாகிவிட்டது, அவருடைய ஆராய்ச்சி எங்கே போனது என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே நான்காவது முடிவாக, மூன்று விண்ணப்பதாரர்களிடமும் தங்களுடைய சிறந்த ஐந்து கட்டுரைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் தங்கள் பங்கு என்ன, அதை யார் பயன்படுத்தினார்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டோம். எல்லோருக்கும் ஒரே விதி.

இவர் முதலில் வைத்தது, 38 சைட்டேஷன் மட்டுமே உள்ள ஓர் இந்திய இதழ்க் கட்டுரை. உலக நோய்ச்சுமை ஆய்வு அந்த ஐந்தில் இல்லவே இல்லை.

கட்டுரையின் விஷயம் எளிமையானது. நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியான நோயாளிகளின் பழைய சீட்டுகளை எடுத்து, அதற்கு முன் அவர்கள் டி.பி. மாத்திரை சாப்பிட்டிருந்தார்களா, எவ்வளவு காலம், சளியில் கிருமி உறுதியாகித்தான் ஆரம்பித்தார்களா என்று பார்த்தார். கிருமி உறுதியாகாமலே மாத்திரையில் இருந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். இது யாரையும் குற்றம் சொல்கிற விஷயமில்லை. நாள்பட்ட இருமல், சளியில் ரத்தம், உடல் இளைப்பது, எக்ஸ்ரேயில் நிழல் என்று இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்றுதான். காசநோய் அதிகமாக உள்ள நாட்டில் முதலில் அதைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், மாத்திரை வேலை செய்யாதபோதும் ஆறு மாதத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்து யோசிப்பது. அதிலும் விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த, பீடியைத் தொடாத பெண்கள் என்றால் புற்றுநோய் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்த 38 கட்டுரைகளையும் வரவழைத்து, இந்த ஆய்வை எந்த இடத்தில் குறிப்பிடுகிறார்கள் என்று படித்தேன். பெரும்பாலானவை முன்னுரையில், 'காசநோய் என்று தவறாகக் கருதப்படுவதுண்டு' என்ற ஒற்றை வரிக்காக மட்டும். அப்படிப்பட்ட வரிக்கு எந்தக் கட்டுரையைக் காட்டினாலும் ஒன்றுதான். சிலர் முடிவுரையில் தங்கள் நோயாளிகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். மிகச் சிலர் மட்டுமே, காசநோய் அதிகமுள்ள வேறு நாடுகளைச் சேர்ந்தவர்கள், இவர் தாமதத்தைப் பிரித்து அளந்த முறையை எடுத்துத் தங்கள் ஊரில் செய்து பார்த்திருந்தார்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்தச் சில சைட்டேஷன்களே எனக்குக் கனமாகப் பட்டன. எண்ணில் அவையும் ஒன்று, ஒன்று என்றுதான் ஏறும்.

சைட்டேஷன் கணக்குக்குள்ளேயே வராத ஒன்றும் இருந்தது. கட்டுரை வந்த பிறகு இவர் அக்கம்பக்கத்துக் காசநோய் மையங்களில் பயிற்சிக் கூட்டங்களில் பேசியிருக்கிறார். அங்கே ஒரு சீட்டு உருவானது. சளியில் கிருமி இல்லை, வயது 40-ஐத் தாண்டிவிட்டது, முதல் இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகும் எக்ஸ்ரே நிழல் குறையவில்லை என்றால், காத்திருக்காமல் சிடி ஸ்கேனுக்கு அனுப்பு என்று சொல்லும் அரைப்பக்கச் சீட்டு. ஒரு மையம் அதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறது. அங்கிருந்து வந்த பரிந்துரைச் சீட்டுகளின் கட்டை அவர் மேசையில் பார்த்தேன். எந்தத் தரவுத்தளமும் அதை எண்ணாது. குழுவிடம் அதன் நகலைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். நோயாளிகளின் பெயரை மறைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

குழுவின் கூட்டம்

மூன்று கோப்புகளும் ஒரே அமைப்பில் போயின: சுத்தம் செய்த எண்கள், பெரிய கூட்டுக் கட்டுரைகள் தனி வரியில், ஆசிரியர் வரிசை, ஐந்து கட்டுரைகள் பற்றிய பக்கங்கள்.

கூட்டத்தில் குறிப்பெடுக்க நானும் இருந்தேன். ஒரு மூத்த உறுப்பினர் நேரடியாகவே கேட்டார்: "38 சைட்டேஷன் வாங்கின பேப்பரை முதல்ல வைக்கணும்னு ஏம்மா தோணிச்சு?" மருத்துவர் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "சார், மரபணு மாற்றம் உள்ளவங்களுக்குக் கெஃபிட்டினிபோட கீமோவும் சேர்த்துக் கொடுத்தா, நோய் முத்தாம இருக்கிற காலம் 8 மாசத்துலேர்ந்து 16 மாசம் ஆகுதுன்னு மும்பை டாடா மெமோரியல்ல 2020-ல காமிச்சாங்க. பெரிய ஆய்வு, நானும் அதைத்தான் வார்டுல பின்பத்துறேன். ஆனா நம்ம ஊர்ல ஒருத்தர் ஆறு மாசம் தேவையில்லாத மாத்திரையில இருந்துட்டு வந்தா, அந்த எட்டு மாசத்தை நான் எங்க போய்த் தேடுறது? அதனாலதான் சார்."

விவாதம் நீண்டது. சீட்டையும் பரிந்துரைக் கட்டையும் சில உறுப்பினர்கள் ஆர்வமாகப் பார்த்தார்கள். இன்னும் சிலர், இதெல்லாம் சேவை, ஆராய்ச்சியோடு சேர்க்கக் கூடாது என்றார்கள். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு மையம் ஒரு சீட்டைப் பயன்படுத்துகிறது என்பதால் நோயாளிகள் சீக்கிரம் வந்தார்கள் என்று ஆகிவிடாது. அதை அளந்து காட்ட வேண்டும். அந்த அளவீடு அப்போது யாரிடமும் இல்லை. மருத்துவரும் இருப்பதாகச் சொல்லவில்லை.

பொறுப்பு உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவருக்குப் போனது. அவருடைய கட்டுரைகளில் பெரும்பாலானவை அவரே முதலிலோ கடைசியிலோ நின்று எழுதியவை, ஆய்வு நிதியைக் கையாண்ட அனுபவமும் இருந்தது. என் பார்வையில் தவறான தேர்வு இல்லை. கோப்பு சுத்தமாகப் போகாமலிருந்தால் வேறு ஒருவருடைய 83 கட்டுரைகளின் பலத்தில் நெஞ்சகத் துறை மருத்துவர் தேர்வாகியிருப்பார். பிறகு யாராவது கண்டுபிடித்திருந்தால், தான் சொல்லாத பொய்க்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு நடந்தவை

ஸ்கோபஸில் பக்கத்தைத் திருத்தக் கோரும் படிவம் தளத்திலேயே இருக்கிறது. தனித்தனிப் பக்கங்களைச் சேர்க்கவும், பிறருடைய கட்டுரைகளைப் பிரிக்கவும் விண்ணப்பித்தோம். சில வாரங்களில் பெரும்பகுதி சரியானது. கூடவே மருத்துவருக்கு, ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் எடுத்துக் கொடுத்தோம். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் பதினாறு இலக்க எண் அது. இனிஷியல் மாறினாலும் ஊர் மாறினாலும் எண் மாறாது. பெயருக்கு மூன்று வடிவங்கள் இருப்பதையும் அதில் பதிவு செய்யலாம், செய்தோம்.

வேதியியல் பேராசிரியருக்கும் தகவல் சொன்னோம். அவர் தரப்பில் நடந்தது இதைவிட மோசம். தன் கட்டுரைகளில் பெரும்பகுதி ஸ்கோபஸில் தன் பக்கத்தில் இல்லாததால், அவர் கல்லூரியில் ஆண்டு மதிப்பீட்டில் ஒவ்வொரு முறையும் அச்சுப் பிரதிகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். ஒரு மருத்துவரின் பக்கத்தில் அவை போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தொலைபேசியில் சிரித்துவிட்டு, "அப்போ நான் இத்தனை நாளா லங் கேன்சர் டாக்டரா இருந்திருக்கேன்!" என்றார்.

பதவி உயர்வு விஷயத்தில், வரிசை விதிப்படி கணக்கில் வரும் கட்டுரைகள் மருத்துவருக்குத் தேவையான அளவுக்கு இருந்தன. அதனால் அது பிறகு தடையின்றி முடிந்தது. சீட்டின் பலனை அளக்க வேண்டும் என்று குழுவில் எழுந்த கேள்வியை அவர் விடவில்லை. சீட்டு உள்ள மையத்திலிருந்தும் இல்லாத மையங்களிலிருந்தும் வருகிறவர்களுக்கு முதல் அறிகுறியிலிருந்து பயாப்ஸி வரை எவ்வளவு காலமாகிறது என்று ஒப்பிடும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருக்கிறார். இந்த முறை தொடர்பு ஆசிரியர் அவர்தான். முதல் ஆசிரியர் வழக்கம்போல ஒரு மாணவி.

மாற்ற வேண்டியவை

இந்தக் கோப்புக்குப் பிறகு நூலகம் தன் வேலை முறையில் சிலவற்றை மாற்றியிருக்கிறது. தரவுத்தளம் காட்டும் எண்ணை விண்ணப்பதாரரின் சொந்தப் பட்டியலோடு ஒப்பிடாமல் சான்று தருவதில்லை. ஒப்பிடும்போது குறைவதைப் போலவே கூடுவதையும் சந்தேகிக்கிறோம். பொதுவாகக் குறைந்தால்தான் ஆட்கள் புகார் செய்வார்கள், கூடினால் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் உள்ள கட்டுரைகளைத் தனி வரியில் காட்டுகிறோம். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுகிறோம். ஸ்கோபஸ் எண்ணையும் கூகுள் ஸ்காலர் எண்ணையும் ஒரே அட்டவணையில் கலப்பதில்லை.

இம்பாக்ட் ஃபேக்டர் கூட்டுத்தொகைக் கட்டம் படிவத்தில் இன்னும் இருக்கிறது. அது நிர்வாகக் குழு எடுக்க வேண்டிய முடிவு. ஐந்து கட்டுரை முறை மட்டும் தங்கிவிட்டது. படிக்க நேரமாகிறது என்று உறுப்பினர்கள் குறைப்படுகிறார்கள். முன்பு படிக்காமலே மதிப்பெண் போட முடிந்தது என்பதால் அந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர்ச் சிக்கலை முளையிலேயே பிடிக்க, முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டைப் பதிவு செய்யும்போதே ஆர்கிட் எண் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கட்டுரைகளில் பெயரை ஒரே வடிவத்தில் எழுதச் சொல்கிறோம். திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றுவதும் மாற்றாததும் அவரவர் விருப்பம், அதில் நூலகத்துக்கு வேலை இல்லை. கட்டுரைக்கான பெயரை மட்டும் முதலில் எழுதியபடியே தொடரலாம் என்பதை மாணவிகளிடம் முதலாண்டிலேயே சொல்லிவிடுகிறோம். துறைத் தலைவர்கள் 'இன்னொரு படிவமா' என்று சலித்துக்கொண்டாலும், வரும் சேர்க்கையிலிருந்து இதைக் கட்டாயமாக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நெஞ்சகத் துறை மாணவர்கள் எல்லோரும் ஏற்கெனவே எண் வாங்கிவிட்டார்கள்.